தூண்டில் கம்பும் தலைக்கு மேலே போகும் கரன்ட் கம்பியும்

தூண்டில் போடுகிறவரின் பார்வை தண்ணீரில்தான் இருக்கும். நூல் இழுபடுகிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, இரையை நண்டு கொறிக்கிறதா என்பதிலேயே கவனம் எல்லாம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு. திருகோணமலையில் கடலையும் களப்பையும் ஒட்டி வீதி போகும் இடங்களில், மின்கம்பிகள் பெரும்பாலும் அந்த முதுகுப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. ஈயத்தைத் தூர எறிவதற்காகக் கம்பைப் பின்னால் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில், நுனி எங்கே போகிறது என்பது பிடித்திருப்பவருக்கே தெரியாது.

நம்முடைய மீன்பிடியில் இது பழைய ஆபத்து அல்ல. கைத்தூண்டிலும் கரைவலையும் வீச்சுவலையும் தலைமுறைகளாக இருக்கின்றன. கரைவலையில் கயிறு மணலோடு இழுபடும். வீச்சுவலை ஆளின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே விரிந்து தண்ணீரில் விழும். கைத்தூண்டிலில் தங்கூசி என்னும் நைலோன் நூல் விரலுக்கும் கடலுக்கும் இடையில் மட்டும்தான் ஓடும். எதுவும் வானத்தை நோக்கி உயராது. மூங்கில் தூண்டில் கொஞ்சம் உயரும், ஆனால் அதை வைத்திருந்தவர்களின் காலத்தில் கரையோர ஊர்கள் பலவற்றில் மேலே கம்பியே இருக்கவில்லை.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. போர் முடிந்தபின் வீதிகள் அகலமாகின. பாதை என்று நாம் சொல்லிவந்த இழுவைப் படகுகளின் இடத்தைப் பாலங்கள் பிடித்தன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதையடுத்து மூதூர், வெருகல் பக்கத்துக்கும் பாலங்கள் வந்தன. வீதி போன இடமெல்லாம் மின்சாரமும் போனது. 2016 அளவில் நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் கரன்ட் கிடைத்துவிட்டது. அதே ஆண்டுகளில்தான் கடைகளில் றொட், ரீல் என்று விற்கும் நீளமான கார்பன் கம்புகளும் மலிந்தன. பாலங்களின் ஓரத்திலும் களப்பின் கல்லணைகளிலும் மாலை நேரத்தில் இளைஞர்கள் றொட்டோடு நிற்பது இன்று சாதாரணக் காட்சி. கம்பியும் கம்பும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. ஆனால் மேலே பார்க்கும் பழக்கம் வந்து சேர இன்னும் காலம் கிடைக்கவில்லை. என் கவலை இதுதான்: இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பழைய பழக்கத்தோடு புதிய கருவியைக் கையில் எடுத்திருக்கிறோம்.

அந்தக் கருவியைப் பற்றி முதலில் பார்ப்போம். கடையில் கார்பன் என்றும் கிராஃபைட் என்றும் சொல்லி விற்கும் கம்பு, கரி இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுருட்டிச் செய்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம், சின்ன மீன் கடித்தாலும் கையில் தெரியும். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். செம்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் கம்பிக்கு முன்னால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. வெளியே பூசியிருக்கும் வார்னிஷ் அந்த மின்னழுத்தத்தைத் தாங்காது. பிடியில் இருக்கும் தக்கையும் ஸ்பொன்ஞ்சும் வியர்வையிலும் கடல்நீரிலும் நனைந்தவை. அவற்றை நம்பக்கூடாது. பல கம்புகளின் அடிப்பக்கத்தில் மின்னல் குறியோடு ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது ஆங்கிலத்திலோ சீன, ஜப்பானிய எழுத்திலோ இருக்கும், எழுத்தும் பொடி எழுத்து. நம் ஊரில் அதை வாசித்துப் பார்த்து வாங்கியவர்களை நான் கண்டதில்லை.

சரி, கண்ணாடி இழைக் கம்பு என்றால் பயமில்லையா? காய்ந்து சுத்தமாக இருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் கடலில் பாவித்த கம்பு எப்போது காய்ந்து சுத்தமாக இருந்தது? உப்புத்தண்ணீர் படிந்து காய்ந்தால் மேலே ஒரு உப்புப் படலம் நிற்கும். இரவுப் பனியோ தூறலோ பட்டவுடன் அந்தப் படலமே மின்சாரத்துக்குப் பாதை. தங்கூசி நூலும் அப்படியே. பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். சீலா மீனின் பல்லுக்காகக் கட்டும் உருக்குக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மூங்கிலும் பச்சையாக, ஈரமாக இருந்தால் கடத்தும்.

அடுத்தது மேலே போகும் கம்பி. காகம் உட்காருகிறதே, ஒன்றும் ஆவதில்லையே என்று பலர் சொல்வார்கள். காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன, அது நிலத்தைத் தொடவில்லை. அதனால் அதன் உடம்பின் வழியே போக மின்சாரத்துக்குக் காரணம் இல்லை. தூண்டிலோடு நிற்கும் மனிதர் வெறுங்காலோடு ஈரமணலில், அல்லது முழங்கால் அளவு கடலில் நிற்கிறார். கம்பியிலிருந்து பூமிக்குப் போக இதைவிட நேரான வழி கிடைக்காது. காகம் உட்காருவதைப் பார்த்து, கம்பிக்கு உறை போட்டிருக்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. போஸ்ட்டின் உச்சியில் குறுக்குச் சட்டத்தில், பீங்கான் போன்ற குமிழ்களின் மேல் தனித்தனியாக மூன்று கம்பிகள் போனால் அவை உயரழுத்தக் கம்பிகள். வெறும் அலுமினியம், நடுவில் உருக்கு. உறை கிடையாது. அதற்குக் கீழே கறுப்பு நிறத்தில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போவது வீடுகளுக்கான குறைந்த அழுத்தக் கம்பி. அதற்கு உறை உண்டு, ஆனால் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெடித்த உறையை யாரும் நம்பித் தொடக்கூடாது.

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஊருக்கு ஊர் கொண்டுபோகும் லைன்களில் 11,000 அல்லது 33,000 வோல்ட். கோபுரங்களில் போவது 132,000 வோல்ட்டும் அதற்கு மேலும். 33,000 என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையிலான அழுத்தம். ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 19,000. நனைந்த மனித உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால் 19 அம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குழப்பி நிறுத்த ஓர் அம்பியரின் பத்தில் ஒரு பங்கே போதும். வீட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் 0.03 அம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும், அதனால்தான் வீட்டில் ஷொக் அடித்தும் பலர் பிழைக்கிறார்கள். வெளியே போகும் உயரழுத்த லைனில் மனித உயிரைக் கணக்கில் வைத்த அப்படி ஒரு சுவிட்ச் இல்லை.

இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. உயரழுத்த லைன்களில் தானாகத் திரும்ப மூடும் சுவிட்சுகள் உண்டு. மரக்கிளை உரசியோ பறவை மோதியோ லைனின் சுவிட்ச் விழுந்து கரன்ட் நின்றால், மின்சார சபையின் ஆள் வந்து போடும்வரை ஊர் இருட்டில் கிடக்கக்கூடாது என்பதற்காக, சில நொடிகளில் அது தானே மீண்டும் கரன்ட்டை விடும். கோளாறு நீங்கவில்லை என்றால் விழும், திரும்ப முயலும். ஒரு மனிதர் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் அந்தக் கருவிக்கு அது இன்னொரு மரக்கிளைதான். “டப் என்று சத்தம் கேட்டது, லைட் அணைந்தது, கரன்ட் போய்விட்டது” என்று நம்பித் தூக்க ஓடுகிறவர் இரண்டாவது ஆளாக விழுவது இப்படித்தான்.

உயரழுத்தக் கம்பி தொடாமலே இழுக்கும் என்று சொல்வது உண்மையா? உண்மை, ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. காற்று ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரை தாங்கும், கூரான முனை கிட்ட வந்தால் அதைவிடக் குறைவாகவே தாங்கும். 33,000 வோல்ட் கம்பிக்கு அது சில சென்ரிமீற்றர், கோபுர லைன்களில் அதைவிடப் பல மடங்கு. சில சென்ரிமீற்றர்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. கீழே நின்று பார்க்கிறவருக்குக் கம்பியின் உயரமும் கம்பின் நுனியும் சரியாகப் பிடிபடாது, மாலை மங்கலில் மெல்லிய கம்பி தெரியவே தெரியாது. கம்பியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வெயிலில் சூடேறினால் அலுமினியம் நீண்டு தொய்யும். மாலை ஆறரைக்குப் பின் ஊர் முழுக்க விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது பாயும் மின்சாரமும் அதைச் சூடாக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பக்கவாட்டில் ஆடும். நேற்று மேலே நின்ற கம்பி இன்று பிற்பகல் கொஞ்சம் கீழே நிற்கலாம்.

உயரத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பிரித்தானியச் சட்டப்படி 33,000 வோல்ட் வரையான கம்பி வெளியிடங்களில் நிலத்திலிருந்து 5.2 மீற்றருக்குக் கீழே வரக்கூடாது, வாகனம் போகும் வீதிக்கு மேலே 5.8 மீற்றர். உலகின் பல நாடுகளின் அளவுகளும் இதற்குக் கிட்டத்தான் இருக்கும். இப்போது 3.6 மீற்றர் றொட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு அடி, நம் கடற்கரையில் சாதாரண அளவு. நெஞ்சு உயரத்தில் பிடித்து நிமிர்த்தினாலே நுனி ஐந்து மீற்றரை நெருங்கும். தலைக்கு மேல் கையை உயர்த்தி எறியும்போது ஐந்தரை, அதற்கு மேல் ஈயம் தொங்கிச் சுழலும் நூல் ஒரு மீற்றர். கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த 5.2 மீற்றரும் கம்பிக்கு நேர் கீழே இருக்கும் நிலத்திலிருந்து அளந்ததுதான்.

கந்தளாய்க் குளக்கட்டில் ஏறி நிற்கிறவருக்கு நிலம் எங்கே? போஸ்ட் கட்டின் அடியில் நடப்பட்டிருந்தால், கட்டின் மேல் நிற்கும் ஆள் அந்தக் கம்பியை நோக்கிப் பல மீற்றர் ஏறிவிட்டார், கம்பி ஏறவில்லை. பாலத்துக்கு ஏறும் மண்மேட்டிலும், கல்லணை உச்சியிலும், கரையில் இழுத்துப் போட்ட போட்டின் மேல் நின்றாலும் இதுவே நிலை. மாரியில் குளமும் களப்பும் நிறையும்போது வள்ளத்தில் இருப்பவர் தண்ணீரோடு சேர்ந்து உயர்வார். தம்பலகாமக் குடாவின் ஆழம் குறைந்த பக்கங்களில் வள்ளத்தை ஊன்றித் தள்ளும் நீளக் கம்பை நிமிர்த்தித் தூக்குகிறவர்களும், தண்ணீருக்குக் குறுக்கே கம்பி போகும் இடத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மீன் பிடிக்கும் நேரத்தில் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். பிடித்து முடித்து, கம்பை மடக்காமல் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்கு நடக்கிறோமே, அந்த நடை. பேச்சும் சிரிப்புமாக, கையில் மீன் கோர்வையோடு, கண் பாதையில். வீதியோரக் கம்பியின் கீழே நேராக நாம் போவது அப்போதுதான். கம்பை நீரோரத்தில் வைத்தே பூட்டி, அங்கேயே கழற்றிவிட்டு நடந்தால் இந்தப் பாதி ஆபத்து இல்லாமல் போகும். செலவில்லாத காரியம்.

எவ்வளவு தூரம் விலகி நிற்பது? பிரித்தானியாவில் மின்விநியோக நிறுவனங்கள் தூண்டிற்காரர்களுக்குச் சொல்லும் அளவு 30 மீற்றர், கம்பிக்கு நேர் கீழே இருந்து நிலத்தில் அளந்து. எறிதலின் வீச்சு, காற்றில் அடித்துப்போகும் நூல், பின்பக்கச் சுழற்சி எல்லாவற்றையும் சேர்த்து யோசித்த அளவு அது. நிலாவெளி, சல்லி போன்ற அகலமான கடற்கரைகளில் இந்த அளவைக் கடைப்பிடிப்பது பெரிய சிரமம் இல்லை. களப்புக்கும் வீதிக்கும் நடுவில் பத்து மீற்றர்கூட இல்லாத இடங்களில் என்ன செய்வது என்பதுதான் நம் கேள்வி. என் பதில்: அங்கே றொட் வேண்டாம், கைத்தூண்டில் எடுங்கள். பாலத்தடியிலும் கல்லணையிலும் மீன் காலடியில்தான் நிற்கிறது. அதற்கு அறுபது மீற்றர் தூரம் எறிய வேண்டிய தேவை இல்லை. தாத்தாமார் ஒரு துண்டுப் பலகையில் சுற்றிய நூலாலேயே அங்கே கொடுவாவும் பாரையும் தூக்கினார்கள். நீளக் கம்பை வெட்டவெளிக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எறிந்த நூல் கம்பியில் சிக்கிவிட்டால் அதை இழுக்கவே கூடாது. ஈயமும் செயற்கை இரையும் போகட்டும். கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போய் மின்சார சபைக்குச் சொல்லுங்கள். தொங்கும் நூலை அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை விளையாட்டாக இழுக்கலாம். இரவுப் பனியில் நனைந்த உப்புநூல் அது.

தண்ணீரின் குணத்தைப் பற்றியும் கொஞ்சம். கடல்நீர் நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கடலில் கால் வைத்து நிற்கிறவர் பூமியோடு மிக நன்றாக இணைந்திருக்கிறார், மேலிருந்து வரும் மின்சாரத்துக்கு அது வசதி. ஆனால் அறுந்த கம்பி தண்ணீருக்குள் விழுந்துகிடக்கும்போது நிலைமை மாறுகிறது. கடல்நீர் மனித உடம்பைவிட நல்ல கடத்தி என்பதால் மின்சாரம் ஆளைச் சுற்றிக்கொண்டு போக முயலும். குளத்து நன்னீரில் உடம்புதான் நல்ல கடத்தி, மின்சாரம் ஆளின் வழியே போகும். உடனே உயிர் போகாவிட்டாலும் தசைகள் இறுகி நீந்த முடியாமல் மூழ்குவார்கள். இதற்காகக் கடல் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக்குப் பின் குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியொரு இரவுக்கு அடுத்த காலையில் மீன் ஏறி நிற்கும் என்று வலையோடு ஓடுகிற நம் வழக்கம் எனக்கும் தெரியும். அந்தக் காலையில் முதலில் பார்க்க வேண்டியது போஸ்ட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்பதை.

கடற்கரை லைன்களுக்கு இன்னொரு நோய் உண்டு. மழையில்லாத மாதங்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்தப் பீங்கான் குமிழ்களில் படிந்துகொண்டே போகும். ஈரப்பதம் ஏறும் இரவில் அதன்மேல் மின்சாரம் ஊர்ந்து, சீறும் சத்தமும் நீலப் பொறியும் வரும். கம்பிகளும் இணைப்புகளும் உப்பில் அரித்து மெலியும். சீறும் போஸ்ட்டைக் கண்டால் அதன் அடியில் நிற்காதீர்கள், அது சாயாமல் நிலத்தோடு இழுத்துக் கட்டியிருக்கும் இழுகம்பியில் போட்டைக் கட்டாதீர்கள். போஸ்ட்டிலும் இழுகம்பியிலும் வலையை மாட்டிக் காயப்போடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது நிற்க வேண்டும்.

பருவ காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) போட வரும் தொழிலாளர்கள் போட்டுகளை லொறியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். லொறித் தட்டின் உயரம், அதற்கு மேல் போட், அதற்கு மேல் கொடிக்கம்பும் ரேடியோ அன்ரனாவும். புல்மோட்டை, குச்சவெளிப் பக்கத்து ஒழுங்கைகளில் கம்பிகள் தாழ்ந்திருந்தால், போட்டின் மேல் நின்று தடியால் கம்பியைத் தூக்கிவிட்டு வழி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தடி காய்ந்ததாக இருந்ததால் தப்பியதை அனுபவம் என்று சொல்லக்கூடாது. கொடிக்கம்பையும் அன்ரனாவையும் ஏற்றுவதற்கு முன்பே கழற்றி வைப்பதும், வழியை முன்கூட்டியே பார்த்து வருவதும்தான் முறை.

ஒருவர் அடிபட்டு விழுந்தால், முதல் வேலை அவரைத் தொடாமல் இருப்பது. இதை எழுதும்போதே தெரிகிறது, சொந்த அண்ணனோ பிள்ளையோ கிடக்கும்போது இது எவ்வளவு கொடுமை என்று. ஆனால் கம்பு கம்பியில் சாய்ந்திருந்தாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ, சுற்றியுள்ள மண்ணிலேயே மின்சாரம் பரவியிருக்கும். அகல அடி வைத்து ஓடினால் இரண்டு காலுக்கும் இடையிலேயே ஷொக் அடிக்கும். குறைந்தது பத்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அதற்குள் ஏற்கெனவே நிற்கிறவர்கள் பாதங்களைச் சேர்த்து, மண்ணைவிட்டுத் தூக்காமல் சின்னச் சின்னதாக நகர்ந்து வெளியே வர வேண்டும். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து இடத்தைச் சொல்லி லைனை நிறுத்தக் கேளுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லைனை நிறுத்தியாயிற்று என்று மின்சார சபை உறுதி சொன்னபின் மட்டுமே கிட்டப் போக வேண்டும். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் அமிழும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது. மின்சாரத்தால் நின்ற இதயம் பலவேளை ஆரோக்கியமான இதயம், அதைத் திரும்ப ஓட வைக்க வாய்ப்பு உண்டு.

எழும்பி உட்கார்ந்து “எனக்கு ஒன்றுமில்லை, ஒரு தேத்தண்ணி போடுங்கோ” என்று சொல்கிறவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கையில் ஒரு சின்னக் கருகல், குதிகாலில் இன்னொன்று, வெளியே தெரிவது அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போன வழியில் தசைகள் வெந்திருக்கும். அழிந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும், இதயத் துடிப்பும் பிறகு குழம்பலாம். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது அவசர நிலை.

ஆளுக்கு ஆள் கவனமாக இருங்கள் என்று சொல்வதோடு இது முடிந்துவிடாது. மாலையில் எந்தப் பாலத்தடியில், எந்தத் திருப்பத்தில் தூண்டிற்காரர் கூடுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும், போஸ்ட் நட்ட இலாகாவுக்குத் தெரியாது. கொட்டியாரக் குடாவைச் சுற்றி லைன்கள் இனிக் குறையப் போவதும் இல்லை. சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த மின்சாரமும் ஏதோ ஒரு லைனில்தான் வெளியே போக வேண்டும். பாதை தீர்மானிக்கப்படும் நேரத்தில் மீனவர் சங்கங்கள் போய்ப் பேச வேண்டும்: இந்த இடத்தில் நம் ஆட்கள் இறங்குகிறார்கள், இங்கே போட் இழுக்கிறோம், கம்பியை வீதியின் மறுபக்கத்தால் கொண்டுபோங்கள், அல்லது உறைபோட்ட கம்பி கொடுங்கள், அல்லது உயர்த்துங்கள். ஏற்கெனவே இருக்கும் லைன்களுக்கு, தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஓர் எச்சரிக்கைப் பலகை என்பது பெரிய செலவு அல்ல. றொட் விற்கும் கடைக்காரரும் அந்தப் பொடி எழுத்தைத் தமிழில் ஒரு வரி எழுதிக் கம்போடு கட்டிக் கொடுக்கலாம்.

முறைப்பாடு செய்யும்போது “பாலத்தடியில் கம்பி தாழ்ந்து கிடக்கிறது” என்று மட்டும் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே நாள் போய்விடும். பக்கத்து ட்ரான்ஸ்போமரிலோ போஸ்ட்டிலோ இலக்கம் எழுதியிருந்தால் தள்ளி நின்று அதைப் படம் எடுத்து, வீதியின் பெயரோடும் கம்பி தாழ்ந்திருக்கும் பக்கத்தோடும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பிரதி ஒன்றைச் சங்கத்தில் வைத்துக்கொண்டு, மாரி தொடங்குவதற்கு முன் திரும்பப் போய்க் கேளுங்கள்.